ஐஸ்பாஹா, தெப்பத்துறையா? மியூனிக்கில் ஆற்று அலையில் சறுக்கப் பழக எங்கே இறங்குவது

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் மதியச் சாப்பாட்டின்போது கேட்டான். "அக்கா, கோவளத்துல ரெண்டு வருஷம் சர்ஃபிங் பண்ணியிருக்கேன். ஐஸ்பாஹ் அலையில இறங்கலாம்ல?"

ஐஸ்பாஹ் என்பது மியூனிக்கின் பூங்கா வாய்க்கால் ஒன்றில் நிற்கும் புகழ்பெற்ற சறுக்கு அலை. "இறங்காதே" என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் வாடிப்போனது. ஒற்றைச் சொல்லில் முடித்திருக்கக் கூடாது. மியூனிக்கிலும் சுற்றிலும் ஆற்றலை, அதாவது ஆற்றில் நிற்கும் அலையில் சறுக்குவது, பழக நாலைந்து வழிகள் இருக்கின்றன. ஒன்றில் தொடங்கினால் ஒரே கோடையில் நிற்கப் பழகிவிடலாம், இன்னொன்றில் தொடங்கினால் முதல் நாளே தலையில் அடிபடலாம். அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே முழுதாக எழுதுகிறேன். இந்த ஊருக்கு வேலைக்கும் படிப்புக்கும் வந்திருக்கும் நம்மவர்கள் பலர் ஐஸ்பாஹ் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு இதே கேள்வியோடு வீடு திரும்புகிறார்கள்.

முதலில் அந்த அலை என்ன என்று பார்த்துவிடலாம். மதகு திறந்துவிட்டதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மதகுக்கு அடியிலிருந்து தண்ணீர் மெல்லிய தகடுபோலச் சீறிக்கொண்டு வரும். கொஞ்ச தூரம் போனதும், மெதுவாகவும் ஆழமாகவும் கிடக்கும் தண்ணீரில் மோதி, திட்டுப்போல எழும்பி அங்கேயே நிற்கும். பொறியியல் படித்தவர்கள் இதை ஹைட்ராலிக் ஜம்ப் என்பார்கள். அந்தத் திட்டின் வடிவம் சரியாக அமைந்துவிட்டால் அதன் முன்சரிவில் பலகை வைத்து நிற்கலாம். கடலில் அலை நகர்ந்து வரும், தண்ணீர் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். ஆற்றில் அலை நின்ற இடத்தில் நிற்கும், தண்ணீர்தான் ஓடும். நீங்களும் ஒரே இடத்தில்தான் நிற்பீர்கள், காலுக்கடியில் ஆறு ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த ஒரு வித்தியாசத்தால் கோவளத்தில் கற்றதில் பாதி இங்கே கைகொடுக்காது. கையால் துழாவி அலையைப் பிடிப்பது, எந்த அலை நமக்கானது என்று காத்திருந்து கணிப்பது, குப்புறப் படுத்திருந்து சட்டென்று எழுவது எதுவும் இங்கே வேண்டாம். உடம்பு அறிந்த சமநிலையும், விழப் பயமில்லாத மனசும்தான் மிச்சம். அவை பெரிய சொத்துதான், மறுக்கவில்லை. ஆனால் கடல் பழக்கிய சில விஷயங்கள் இங்கே எதிராக வேலை செய்யும். கடற்பழக்கத்தில் பின்காலில் பாரத்தைப் போட்டால் ஆற்றலை உங்களை முதுகுக்குப் பின்னால் தூக்கிப் போட்டுவிடும். இங்கே முன்காலில்தான் பாரம் இருக்க வேண்டும். அதிகமாகிவிட்டால் பலகையின் மூக்கு தண்ணீரைக் குத்தும். இன்னொன்று, தண்ணீர் வரும் திசையில் இருக்கும் பலகை விளிம்பு ஒரு விரல் தாழ்ந்தால் போதும், ஓட்டம் அதைக் கவ்வி ஆளைக் கவிழ்த்துவிடும். கடலில் யோசிக்க ஒரு கணமாவது கிடைக்கும். இங்கே அதுவும் கிடைக்காது.

ஆக, கடல் தெரிந்தவரும் ஆற்றில் முதல் நாள் புதியவர்தான். எந்த இடம் என்று முடிவு செய்வதற்கு முன் இதை ஏற்றுக்கொண்டுவிட வேண்டும்.

இப்போது ஐஸ்பாஹ். ஈசார் ஆற்றிலிருந்து பிரித்து எங்லிஷர் கார்ட்டன் பூங்காவுக்குள் விட்ட செயற்கை வாய்க்கால் அது. பிரின்ஸ்ரெகெண்டன் சாலைப் பாலத்துக்கு அடியிலிருந்து வெளியே வரும் இடத்தில், ஹவுஸ் டேர் குன்ஸ்ட் அருங்காட்சியகத்தின் பக்கத்திலேயே, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர அலை நிற்கும். பல வருடங்கள் திருட்டுத்தனமாக ஓட்டப்பட்ட அலை அது, 2010இல்தான் முறைப்படி அனுமதி கிடைத்தது. அப்போதிலிருந்தே அங்குள்ள அறிவிப்புப் பலகை ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது: தேர்ச்சி பெற்றவர்களுக்கு மட்டும். ஏன் என்பதற்குக் காரணம் தண்ணீருக்குக் கீழே இருக்கிறது. நீரின் வேகத்தை உடைப்பதற்காக வாய்க்காலின் தரையில் கான்கிரீட் கட்டைகள் பதித்திருக்கிறார்கள். மேலே ஓடும் தண்ணீரோ ஆழமில்லாதது. பாலத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அந்தக் கட்டைகள் தெரியாது.

2025 ஏப்ரலில் 33 வயதுப் பெண் ஒருவர் இரவு நேரத்தில் அங்கே சறுக்கிக்கொண்டிருந்தார். பலகையையும் காலையும் இணைக்கும் கயிறு அடியில் எதிலோ சிக்கிக்கொண்டது, வெளியே வர முடியவில்லை. சில நாட்கள் மருத்துவமனையில் இருந்து இறந்துபோனார். அவர் அனுபவம் உள்ளவர்தான். அதற்குப் பிறகு அலையை மூடி, ஜூன் கடைசியில் புதிய விதிகளோடு திறந்தார்கள்: இரவு பத்து மணியிலிருந்து விடியற்காலை ஐந்தரை வரை கூடாது, 14 வயதுக்குக் கீழே கூடாது, இழுத்தால் தானே கழன்றுவிடும் கயிறு மட்டுமே கட்ட வேண்டும். இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, "ஒரு தடவை முயற்சி பண்ணிப் பார்க்கிறேனே" என்று யாராவது ஐஸ்பாஹைச் சொன்னால் எனக்கு வயிறு கலங்குகிறது. அலை நிற்கும் நாளில் பாலத்தில் நின்று பாருங்கள், ஒரு மணி நேரம் பாருங்கள். இரண்டு கரையிலும் வரிசையாக நின்று, ஒருவர் விழுந்ததும் எதிர்க் கரையிலிருந்து அடுத்தவர் குதிக்கும் ஒழுங்கைக் கவனியுங்கள். கற்றுக்கொள்ள அதில் நிறைய இருக்கிறது. முதல் கோடையில் இறங்க வேண்டாம்.

இந்த அலை எவ்வளவு நுணுக்கமானது என்பதையும் 2025 காட்டிவிட்டது. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தித் தூர் வாருவார்கள். அந்த வருடம் தூர் வாரிவிட்டுத் தண்ணீரைத் திரும்ப விட்டபோது அலை எழவே இல்லை. அடியில் கிடந்த சரளையும் மண்ணும் இடம் மாறியதுதான் காரணம் என்று பலர் சொன்னார்கள், பல பத்தாண்டுகளாக நின்ற திட்டு கலைந்துபோனது. ஆற்றலை என்பது இப்படித்தான், தரையும் நீர்மட்டமும் வேகமும் ஒத்துவந்தால் நிற்கும்.

சரி, எங்கே இறங்கலாம்?

என் பதில் ஃப்ளோஸ்லெண்டே. பெயரைப் பிரித்தால் தெப்பத்துறை. ஈசாரின் மேல்பகுதியில் இருக்கும் வோல்ஃப்ராட்ஸ்ஹவுசனிலிருந்து மரக்கட்டைத் தெப்பங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மிதந்து வந்து, மியூனிக்கின் தெற்கே தால்கிர்ஹனில் கரை சேரும் இடம் அது. ஒரு காலத்தில் ஊர் கட்ட மரம் வந்த வழி, இன்று பாட்டும் பீருமாக உல்லாசப் பயணம். அந்த வாய்க்காலில்தான் சின்ன அலை இருக்கிறது. மியூனிக்கின் ஆற்றுச் சறுக்கு தொடங்கியதும் இங்கேதான், 1970களின் தொடக்கத்தில். முதலில் கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு மரப்பலகையில் நின்றார்கள். கயிற்றை விட்டுவிட்டு வெறும் பலகையில் நிற்பது அப்புறம் வந்தது. ஐஸ்பாஹின் புகழ் அதற்கும் பிறகு.

இந்த அலை குட்டையானது, சரிவு குறைவு, ஓட்டமும் ஐஸ்பாஹ் அளவுக்கு மூர்க்கமில்லை. விழுந்தால் தண்ணீர் உங்களைக் கொஞ்ச தூரம் கொண்டுபோய் அமைதியான இடத்தில் விட்டுவிடும், நீந்திக் கரையேறி வரிசைக்குத் திரும்பலாம். தொடங்கும் ஒருவருக்கு வேண்டியது இந்தச் சுற்றுதான்: விழு, மித, ஏறு, மறுபடி நில். ஒரு காலையில் அதை இருபது தடவை செய்ய முடிந்தால் உடம்பு கற்றுக்கொள்ளும். அடிபடும் பயத்தில் மூன்று தடவையோடு நிறுத்திக்கொண்டால் கற்றுக்கொள்ளாது.

நான் முதல் நாள் போனபோது பலகையில் நின்றதே இல்லை. கரையோரம் உட்கார்ந்து, பலகையைத் தண்ணீர் மேல் வைத்து, இரண்டு பாதங்களையும் அதில் ஊன்றி, கரையைத் தள்ளிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். எழுந்தேன், விழுந்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற, நரைத்த தலைமுடியுள்ள ஒரு பெண்மணி ஐந்தாறு தடவை பார்த்துவிட்டு, தன் முறை வந்தும் இறங்காமல் என் பலகையின் வாலைப் பிடித்துக்கொண்டார். "காலைப் பார்க்காதே, தண்ணீர் வரும் திசையைப் பார்" என்றார். தலையை நிமிர்த்தியதும் முழங்கால் தானாக மடங்கியது, நின்றுவிட்டேன். எத்தனை நொடி என்று தெரியாது. கீழே ஆறு ஓடுகிற சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. ஐஸ்பாஹ் வரிசையில் இப்படி யாரும் நின்று சொல்லித்தர முடியாது. அங்கே ஆட்டம் வேகமானது, காத்திருப்பவர்கள் அதிகம். தெப்பத்துறையில் சிறுவர்களும் அப்பா அம்மாக்களும் அறுபது வயதுக்காரர்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

குறைகளும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. இந்த அலைக்குக் காலம் உண்டு. தெப்பக் காலமான கோடையில்தான் வாய்க்காலில் போதிய தண்ணீர் ஓடும், குளிர்காலத்தில் போனால் வெறும் ஓடையைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். கோடையிலும் மழையில்லாத வாரங்களில் ஈசார் வற்றினால் அலை தளர்ந்துவிடும். கிளம்புவதற்கு முன்னால் அன்றைய நீர்நிலையைக் கட்டாயம் விசாரித்துக்கொள்ளுங்கள். ஐஜிஎஸ்எம் என்ற சறுக்குவோர் சங்கம்தான் நகரத்தோடும் நீரைக் கையாளுகிறவர்களோடும் பேசி இந்த அலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அவர்கள் சொல்லும் நேர ஒழுங்கை மீறக் கூடாது. ஒரு சிலர் மீறினால் எல்லோருக்கும் வாய்ப்புப் போய்விடும். அப்புறம், சரிவு குறைவான அலை என்பதால் மெல்லிய சின்னப் பலகை இங்கே அமிழ்ந்துவிடும். ஐஸ்பாஹில் பார்த்த பலகையைப் போலவே வாங்கிக்கொண்டு வந்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தடிமனான, அகலமான, மேலே நுரைப்பூச்சு உள்ள பலகைதான் தொடங்குவதற்கு நல்லது. அடியில் இருக்கும் துடுப்புகள் சின்னதாகவும் வளையக்கூடியதாகவும் இருக்கட்டும், ஆழமில்லாத இடத்தில் நீளமான துடுப்பு தரையில் இடிக்கும்.

அடுத்தது குட்டி ஐஸ்பாஹ். பெரிய அலைக்குக் கீழே, பூங்காவுக்குள்ளேயே, டயானாபாட் பக்கம் இருக்கிறது. இதைத்தான் பலரும் "தொடங்குகிறவர்களுக்கான ஐஸ்பாஹ்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். அலை சின்னதுதான், ஆனால் வாய்க்கால் அதே வாய்க்கால், ஓட்டமும் தெப்பத்துறையைவிட வேகம். கரைக்குத் திரும்பி ஏற முதல் முறையே வழி தெரிந்திருக்க வேண்டும், தவறவிட்டால் தண்ணீர் வெகுதூரம் இழுத்துக்கொண்டு போகும். கோடையில் தடைப் பலகையையும் தாண்டி ஆட்கள் குதித்து மிதந்துகொண்டே இருப்பார்கள், அவர்கள் மேல் உங்கள் பலகை மோதக் கூடாது. தெப்பத்துறையில் பத்து நொடி தொடர்ந்து நிற்க வந்துவிட்டால் இங்கே இரண்டாவது படியாக வரலாம். முதல் படியாக வேண்டாம்.

மூன்றாவது வழி காசு கொடுத்துச் செய்வது. மியூனிக்கை ஒட்டிய டவுஃப்கிர்ஹனில் 2017இல் திறந்த உள்ளரங்கம் ஒன்றில் பம்பு வைத்து உண்டாக்கும் நிலை அலை வைத்தார்கள். இதே ஊரில் பிறந்த தொழில்நுட்பம்தான், சிட்டிவேவ் என்று பெயர். ஓஸ்னாப்ரூக் நகரில் ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்குள்ளேயே இந்த அலையை வைத்திருக்கிறார்கள். இதன் பெரிய வசதி, தொடங்குகிறவர்களுக்காகக் குறுக்கே ஒரு கம்பி போட்டுக் கொடுப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், பாரத்தை முன்காலுக்கு மாற்றிப் பார்க்கலாம், ஒரு கையை விடலாம், பிறகு இரண்டையும் விடலாம். பயிற்சியாளர் பக்கத்திலேயே இருப்பார். பாறை இல்லை, கான்கிரீட் கட்டை இல்லை. வெளியே பனி கொட்டினாலும் பழகலாம்.

இதைக் குறை சொல்லுகிறவர்கள் உண்டு, "அது ஆறே இல்லை" என்பார்கள். உண்மைதான். ஆனாலும் முன்கால் பாடத்தை அவ்வளவு சீக்கிரமாக வேறு எங்கும் கற்க முடியாது என்பது என் அனுபவம். விலைதான் இடிக்கிறது. முக்கால் மணி நேரத்தைப் பல பேரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும், ஒவ்வொரு முறையும் பல பத்து யூரோ போய்விடும். வாராவாரம் போக நம் சம்பளம் தாங்காது. ஒரு முறை, கூடிப்போனால் இரண்டு முறை போய்விட்டு ஆற்றுக்கு வருவதுதான் சிக்கனமும் நல்லதும். எந்த நாட்களில் நடக்கிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹால்பெர்க்மோஸில் 2024இல் திறந்த பெரிய அலைக்குளத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே வருவது நகரும் அலை, கடல்போலத் துழாவிப் பிடிக்க வேண்டும். கோவளத்தை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு அது ஆறுதல். ஆற்றலை பழக அது வழியில்லை.

நியூரம்பெர்க்கின் கதை வேறு மாதிரி. பெக்னிட்ஸ் ஆற்றில் ஃபுக்ஸ்லோஹ் என்ற இடத்தில் 2022இல் ஒரு நிலை அலையைத் திறந்தார்கள். அங்குள்ள சறுக்குவோர் சங்கம் வருடக்கணக்காக அனுமதிக்கும் பணத்துக்கும் அலைந்து கட்டிய அலை அது. அலையைத் திட்டமிட்டுக் கட்டியதால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும், அலையின் அளவையும் கூட்டிக் குறைக்கலாம். ஆற்றின் குளிரும் ஓட்டமும் இருக்கும், கட்டிய இடத்தின் ஒழுங்கும் இருக்கும். மியூனிக்கிலிருந்து வேக ரயிலில் ஒரு மணி நேரம். பலகையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுவது சிரமம்தான். ஆனால் கூட்டத்தில் நின்று பழகக் கூச்சப்படுகிறவர்களுக்கு, ஒழுங்கான நேரத்தில் ஒழுங்கான அலை வேண்டும் என்பவர்களுக்கு, இது தெப்பத்துறையைவிடவும் பொருத்தமாக இருக்கலாம். நியூரம்பெர்க், எர்லாங்கன் பக்கம் இருக்கிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், அங்கேயே போங்கள்.

வேறு நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயர் பெற்ற ஆற்றலை இருக்கிற ஊர்களில் பெரும்பாலும் அதற்கு ஒரு சாதுவான தங்கை அலையும் இருக்கும். மான்ட்ரியலில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் ஹாபிடாட் 67 அலை புகழ்பெற்றது, ஆனால் புதியவர்கள் லசால் பக்கம் கீ அலைக்குப் போகிறார்கள். அமெரிக்காவின் பாய்சி நகரில் 2012இல் திறந்த ஆற்றுப் பூங்காவில் அலையின் வடிவத்தையே மாற்றும் அமைப்பு உண்டு. பலகைக்காரர்களுக்கு ஒரு நாள், கயாக்காரர்களுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஊரில் புகைப்படத்தில் வராத அலை எது என்று விசாரியுங்கள்.

எங்கே இறங்கினாலும் சில விஷயங்கள் மாறாது. விழும்போது தட்டையாக, முதுகாலோ பக்கவாட்டிலோ விழுங்கள். தலைகீழாகப் பாயவே கூடாது. விழுந்த கணமே இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்ளுங்கள், பலகை எங்கிருந்து வரும் என்று தெரியாது. ஓட்டத்தில் எழுந்து நிற்க முயலாதீர்கள். கற்களுக்கிடையில் பாதம் மாட்டிக்கொண்டால் தண்ணீர் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். ஓட்டத்தோடு போய், அது தணிந்த இடத்தில் பக்கவாட்டில் நீந்தி ஏறுங்கள். கடலில் காலில் கயிறு கட்டாமல் இறங்குவது தவறு என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆற்றில் அதே கயிறு ஆளைக் கொல்லும். கட்டாதீர்கள், கட்ட வேண்டிய இடமென்றால் தானே கழலும் வகையை மட்டும் கட்டுங்கள். ஹெல்மெட் போடுங்கள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்கவே வேண்டாம். நன்றாக நீந்தத் தெரியாவிட்டால் முதலில் அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

குளிரும் நம்மவர்கள் எதிர்பார்க்காத ஒன்று. ஈசார் ஆல்ப்ஸ் மலையிலிருந்து வருகிறது, ஜூலையிலும் அதன் தண்ணீர் கைகால்களை விறைக்க வைக்கும். ஐஸ்பாஹ் என்ற பெயருக்கே பனிக்கட்டி ஓடை என்றுதான் பொருள். விறைத்த கால் பலகையை உணராது, நீங்கள் விழுவது சமநிலை இல்லாததால் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உண்மையில் குளிர்தான் காரணமாக இருக்கும். கோடைக்கே நாலு மில்லிமீட்டர் வெட்சூட்டும் காலுறையும் வேண்டும். வெட்சூட்டைப் புதிதாக வாங்கலாம், பலகையை முதல் வருடம் பழையதாக வாங்குங்கள், கல்லிலும் கரையிலும் இடித்து எப்படியும் அடிபடும்.

தம்பிக்கு நான் சொன்ன வரிசை இதுதான். மே மாதத்துக்குள் ஒரு முறை கம்பி பிடித்துப் பழகும் அலைக்குப் போய்விடு. கோடை தொடங்கியதும் தெப்பத்துறை, வாரத்தில் ஒரு காலை, செப்டம்பர் வரைக்கும். அது வசப்பட்டால் இலையுதிர் காலத்தில் குட்டி ஐஸ்பாஹ். பெரிய ஐஸ்பாஹைப் பற்றி அடுத்த வருடம் பேசுவோம். "அவ்வளவு நாளா அக்கா?" என்றான். அங்கே நீ பார்த்த ஒவ்வொருவரும் அவ்வளவு நாள் விழுந்தவர்கள்தான் என்றேன்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு யு3 ரயிலில் தால்கிர்ஹன் நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் வரிசையில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். என் பழைய நுரைப்பலகையை அவனுக்குத் தருகிறேன். முதல் சில முறை வாலை நான் பிடித்துக்கொள்கிறேன்.